இன்னும் ரெண்டு ராடு

மார்ச் 17, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்றைய வேலை ஒன்றே ஒன்று: 'புகை' பாட்டை நெட்டில் ஏற்றி முடிப்பது. முடியவில்லை.

காலையில் அனுப்பினேன். மதியம், வேலை பார்க்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு லாரிக்காரருக்கு கிளட்ச் பிளேட் பில் போட்டுக்கொண்டிருந்தபோது, பாட்டு வெளியிடும் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. உங்கள் பாட்டு வேறொருவருக்குச் சொந்தமான பாட்டோடு ஒத்துப்போகிறது, வெளியிட இயலாது. அந்த வேறொருவர் யார் என்றும் போட்டிருந்தார்கள். நிலாமதி சவுண்ட் சர்வீஸ், ராசிபுரம். பாட்டின் பெயர் 'மாரியாத்தா செம குத்து மிக்ஸ்'.

என் பாட்டு. என் போனில் பிடித்த சத்தம். என் கட்டிலில் ஜமக்காளத்துக்கு அடியில் படுத்து, ஃபேன் சத்தம் விழக்கூடாதென்று அதையும் அணைத்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்துப் பாடியது. இப்போது நான் திருடன். மைக் செட்காரர் சொந்தக்காரர்.

கிளட்ச் பிளேட்டுக்குப் பதிலாக பிரேக் ஷூ என்று அடித்துவிட்டேன். முதலாளி: "ஏனுங் தம்பி, ஞாவகம் எங்கீங்க இருக்குது?" சொன்னால் புரியவா போகிறது.

பாட்டு எப்படிப் போனது என்று துப்பறிய வேண்டியதே இல்லை. நானேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னிடம் நல்ல ஸ்பீக்கர் கிடையாது. ஒரு பாட்டு முடிந்ததும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு நிலாமதி சவுண்ட் சர்வீஸ் மைக் செட் மணி அண்ணனிடம் போவேன். அவர் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ பாக்ஸ் அடுக்கி டெஸ்ட் பண்ணும்போது என் பாட்டையும் கொஞ்ச நேரம் ஓட விடுவார். பேஸ் எங்கே அமுங்குகிறது, குரல் எங்கே காணாமல் போகிறது, எல்லாம் அங்கே தெரிந்துவிடும். சென்னைக்காரர்கள் இதற்கு ஸ்டுடியோவுக்குப் போவார்கள். நான் காதுகுத்துக்குப் போவேன். தை மாதம் ஒரு பென் டிரைவை அங்கேயே மறந்து விட்டுவந்தேன். என் குரல் இல்லாத வெறும் டிராக்கும் அதில்தான் இருந்தது.

சென்னை ஷாலினிக்கு இதை எப்படி விளக்குவது? ஏப்ரலில் தனிக் கலைஞர்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார். சினிமாப் பாட்டு கிடையாது, ரீமிக்ஸ் கிடையாது. அதில் எனக்கு ஓர் இடம். ஒரே நிபந்தனை: 30ஆம் தேதிக்குள் 'புகை' என் மேடைப் பெயரில் வெளியாகி, லிங்க் அவர் கையில் இருக்கவேண்டும். மேடைப் பெயர் மேட்டாங்காடு; எங்கள் வானம் பார்த்த நிலத்தை அப்படித்தான் சொல்வோம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா, "இருக்கற மேட்டாங்காடு பத்தாதா?" என்று கேட்பாள்.

இரவு சாப்பாடு: கொள்ளுப் பருப்பு, ரசம். பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை. அவர் எப்போதுமே பேசுவதில்லை என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மார்ச் 18, புதன்

அரை நாள் லீவு. ராசிபுரம் பஸ். முன் சீட்டில் யாரோ ஒரு அம்மா போனில்: "அவன் என்ன பண்றான்னு கேக்காத கண்ணு. பாட்டுப் பாடறானாமா. பாட்டுன்னா பாட்டும் இல்ல. சும்மா வேகமாப் பேசறது." என்னைப் பற்றியில்லை. ஆக, இந்த ரூட்டில் இன்னொரு ராப் பாடகனும் இருக்கிறான். பாவம்.

மணி அண்ணன் (இனி ம.அ., முழுப் பெயர் எழுத மனம் வரவில்லை) குடோனில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒயர் பற்றவைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பாக்ஸ், குழாய், சீரியல் செட் லைட்டில் செய்த அம்மன் ஒன்று சுவரோரம் தலைகீழாக. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"வா கோகுலு! உன்னயத்தான் நெனச்சுட்டு இருந்தேன். உன்ற பாட்டு பிச்சுட்டுப் போவுது போ!"

"அண்ணா, அது என்ற பாட்டுங்ணா."

"ஆமா, உன்ற பாட்டுதான். ஆரு இல்லைன்னா?"

"அதுல உங்க பேரு போட்டிருக்குதுங்ணா."

"செட்டு நம்முளுதல்லோ?"

சண்டை போட வந்தவன் டீ குடித்தேன். அவரே வாங்கிக் கொடுத்தார், உளுந்து வடையோடு.

"நீ ஊட்டுக்குள்ளாறயே வெச்சுட்டிருந்தா ஆரு கேக்கப் போறா? இப்பப் பாரு, எந்த ஊரு மாரியாத்தா நோம்பிக்குப் போனாலும் இதத்தான் கேக்கறானுங்க. கேட்டுட்டுப் போ" என்று போட்டுக் காட்டினார்.

கேட்டேன். என் தாளம்தான். வேகத்தைக் கூட்டி, மேலே உறுமி ஏற்றி, நடு நடுவே ஒரு பெண் குரல் எதிரொலியோடு "நிலாமதி... மதி... மதி... சவுண்ட் சர்வீஸ்" என்கிறது. பிறகு யாரோ ஒருவர், "ஆத்தா வாரா, வழியுடு!" எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் சட்டென்று எல்லாம் நின்றது. வெறும் அமைதி. அந்த அமைதியில் என் அப்பாவின் குரல்.

"போதுங்க. நிறுத்துங்க."

மூன்று தடவை, எதிரொலியோடு. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு தாளம் இடி மாதிரி இறங்குகிறது.

"இந்த எடத்துலதான் பசங்க அப்படியே மேல எகிறுவானுங்க" என்றார் ம.அ. "அந்த ஆளு ஆருடா? செம வாய்ஸ்."

அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லவில்லை. மீதி வடையைத் தட்டிலேயே வைத்தேன்.

இங்கே எழுதிவைக்கிறேன், வேறெங்கே எழுத. போன வருஷம் சித்திரையில் எங்கள் காட்டில் போர்வெல் போட்டோம். காலையிலிருந்து ரிக் வண்டி ஓடியது. துளை போடும் இருபதடி இரும்பு ராடு, ராடுக்கு மேல் ராடாக இறக்கினார்கள். தண்ணீர் வரவில்லை. புகை வந்தது, பாறைத் தூளின் வெள்ளைப் புகை, வீடு, மாடு, அம்மா தலைமுடி எல்லாம் வெள்ளை. நான் ஓரமாக நின்று போனில் சத்தம் பிடித்துக்கொண்டிருந்தேன். பாறையில் இடிக்கிற அந்தத் தாளம் அவ்வளவு நன்றாக இருந்தது. சாயங்காலம் அப்பா அந்த இரண்டு வார்த்தையைச் சொன்னார். அதுவும் பதிவாகிவிட்டது. என் பாட்டில் அதை ஒரே ஒரு தடவை, கடைசியில், சன்னமாக வைத்திருக்கிறேன். அதோடு பாட்டு முடிகிறது. அந்த இடத்துக்காகத்தான் முழுப் பாட்டையும் எழுதினேன்.

அதற்கப்புறம் அப்பா முட்டைப் பண்ணைக்கு சூப்பர்வைசராகப் போகிறார். போர் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அந்த இரண்டு வார்த்தைக்கு ஊர் ஊராகக் குதிக்கிறார்கள்.

அழிக்கச் சொன்னேன். "எனக்கென்றா தெரியும் அதெல்லாம்? ஏத்துனது பாப்பா. சேலத்துல படிக்குது. சனிக்கெழம வரும், வந்து கேளு." பாப்பாதான் நிலாமதி, அவர் மகள். குரலும் பெயரும் அவளுடையதுதான்.

மார்ச் 19, வியாழன்

கடை. கூட்டம். முதலாளியின் மாமனார் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து, "தம்பி சினிமாவுல எப்பப் பாடப் போறீங்க?" என்று கேட்டார். நான் சினிமாவுக்கு இல்லைங்க என்றேன். "பாடுவீங்க, பாடுவீங்க, மனச உட்டறாதீங்க" என்று ஆறுதல் சொன்னார்.

நான் எழுதும் வரிகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. இதையும் இங்கேதான் சொல்லிக்கொள்ள முடியும்.

ஆயிரம் அடிக்குக் கீழ
ஆருமே இல்ல,
புகைதான் மேல வந்து
ஊட்டு விலாசம் கேட்டுது.

நல்ல வரி. கேட்டவர்கள்: நான், ஷாலினி, டெஸ்டிங் சமயத்தில் பந்தல்காரர் ஒருவர். பந்தல்காரர், "பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?" என்றார்.

மதியம் தகராறு மனு என்று ஒன்றை நிரப்பினேன். பாட்டு உங்களுடையதா? ஆம். வரி யாருடையது? என்னுடையது. இசை? என்னுடையது. ஒவ்வொன்றையும் ஓங்கி ஓங்கித் தட்டினேன். கடைசிக் கேள்வி: இப்பதிவில் ஒலிக்கும் ஒவ்வொரு குரலுக்கும் உரியவரிடம் சம்மதம் பெற்றுள்ளீர்களா?

கம்ப்யூட்டரை மூடிவிட்டு டீக்கு எழுந்து போனேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா: "செவ்வாக்கெழம பூச்சாட்டு. இனி நோம்பி முடியற மட்டும் ஊரு தாண்டி ராத்தங்கக் கூடாது, சொல்லிப்போட்டேன்."

பூச்சாட்டினால் மாரியம்மன் திருவிழா தொடங்கியதாகக் கணக்கு. 28ஆம் தேதி சென்னையில் ஒத்திகை. போச்சு.

"மைக் செட் ஆருங்ம்மா?"

"ராசிபுரத்து மணிதான். ஊர்க்கூட்டத்துல எல்லாரும் அவனத்தான் கேட்டாங்களாமா. என்னமோ ஒரு பாட்டு வெச்சிருக்கறானாம்."

அதாவது எங்கள் ஊர்க் கோயில் முன்னால், கம்பத்தைச் சுற்றி, எங்கள் பங்காளிகளும் பக்கத்துக் காட்டுக்காரர்களும், அந்த இரண்டு வார்த்தைக்குக் குதிக்கப் போகிறார்கள். அப்பா வேட்டி கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பார்.

இப்போது வேலை இரண்டு:
பாட்டை மீட்பது.
அதற்கு முன்னால், அப்பா காதில் விழாமல் பார்ப்பது.

மார்ச் 21, சனி

தலைவலி. வெயிலா, ம.அ.வா, தெரியவில்லை.

நிலாமதி வந்திருந்தாள். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. எனக்கு முன்னால் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணா, உங்க டிராக் சூப்பருங்ணா. ஆனா உங்க டேக் எங்கீங்ணா?"

"என்ன டேக்?"

"பேருங்ணா. பாட்டுக்கு உள்ளாற பேரு சொல்லோணுமல்லங்? அதுல ஆரு பேரும் இல்ல. அப்பா டெஸ்டிங் பாட்டுன்னு நெனச்சுட்டாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

இது எனக்கு நன்றாக வேண்டும். பாட்டுக்கு நடுவே தன் பெயரைக் கத்துகிறவர்களை நான் எத்தனை கிண்டல் செய்திருக்கிறேன். பாட்டைக் கேட்டாலே ஆள் தெரியவேண்டும், பேரெதற்கு என்று ஒரு பேட்டியில் வேறு சொன்னேன். (பேட்டி எடுத்தவன் கல்லூரி நண்பன். பார்த்தவன் அவன் தம்பி.) மைக் செட்காரர்களுக்கு அந்தத் திமிரெல்லாம் இல்லை. பெயர் சொல்லாத பாட்டு அவர்களுக்கு ஊர்ப் பொதுப் பாட்டு.

"சொந்தப் பாட்டான்னு கேட்டுச்சுங்ணா. ஆமான்னு போட்டாத்தான் அடுத்த பக்கம் போவுது. போட்டுட்டேன்" என்றாள். பொய்யில்லை. எனக்கும் அதே பக்கம்தான் முழித்துக்கொண்டு நிற்கிறது.

நல்ல பிள்ளை. என் எதிரிலேயே உரிமைக் கோரலை வாபஸ் வாங்கிவிட்டாள். இரண்டு மூன்று நாள் ஆகுமாம். ம.அ. முகம் சுருங்கிப்போனது.

"சீசன் நேரத்துல கைய ஒடிக்கறயே கோகுலு."

"அண்ணா, எங்கூர்ல மட்டுமாவது போடாதீங்ணா."

"உங்கூர்ல கேட்டுத்தானடா என்னயக் கூப்புட்டிருக்கறாங்க!"

"அந்தக் கொரலு எங்கப்பாவுதுங்ணா."

ம.அ. கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தார். அப்புறம், "அவரு அப்ப எதுக்குடா அப்படிச் சொன்னாரு?" என்றார். சொன்னேன். எங்கள் பக்கத்தில் போர் பொய்த்தது என்றால் யாருக்கும் அதற்கு மேல் விளக்கவேண்டாம்.

"செரி. உங்கூர்ல போட மாட்டேன். சத்தியமா." எழுந்து போய் சீரியல் செட் அம்மனை நிமிர்த்தி வைத்தார்.

திரும்பும்போது நிலாமதி பஸ் ஸ்டாப் வரை வந்து, "அண்ணா, ஒண்ணு. நாங்க எடுத்துட்டாலும் பென் டிரைவ் கடைக்காரங்க எடுக்க மாட்டாங்க. லாரிக்காரங்க எல்லார்த்துகிட்டயும் இருக்குது" என்றாள். இதை ஏன் என்னிடம் சொன்னாள்?

மார்ச் 24, செவ்வாய்

பூச்சாட்டு. இன்றிலிருந்து வீட்டில் தாளிப்பு கிடையாது. கடுகு வெடிக்காத குழம்பு என்பது வாழ்க்கைக்கு ஒரு தண்டனை. ஷாலினியிடம் ஒத்திகைக்கு வர முடியாது, ஊரில் சாட்டு, இரவு வெளியே தங்கக்கூடாது என்று சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால் குதூகலம். "வாவ், இதை அப்படியே வீடியோ எடுத்து அனுப்புங்களேன்! மண் வாசனையா இருக்கும்!" மண் வாசனை. எங்கள் மண்ணுக்கு வாசனை வர மழை பெய்யவேண்டும், அம்மணி.

நேற்று மதியம் மெயில்: வாபஸ் ஏற்கப்பட்டது. நீங்கள் மீண்டும் பதிவேற்றலாம். குதிக்கவேண்டும் போலிருந்தது. மறுபடி எல்லாவற்றையும் நிரப்பினேன். மறுபடி அதே கடைசிக் கேள்வி.

ஆம் என்று தட்ட எவ்வளவு நேரமாகும்? நிலாமதி தட்டினாள். நான் ஒரு வாரமாக, என்னைக் கேட்காமல் எடுத்தார்கள், என்னைக் கேட்காமல் எடுத்தார்கள் என்று ஊரெல்லாம் கூவிக்கொண்டு திரிகிறேன். தட்ட விரல் போகவில்லை.

ஆகவே அப்பாவிடம் கேட்பது என்று முடிவு. கேட்ட லட்சணம்:

காலை, அவர் ஷேவ் பண்ணும்போது. "அப்பா, ஒண்ணு கேக்கோணுங்." "பிளேடு தீந்து போச்சு, வரும்போது வாங்கிட்டு வா."

மாலை, மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போது. "அப்பா, என்ற பாட்டு ஒண்ணுங்..." "மொதல்ல அந்தக் கூடைய எடு."

சாப்பிடும்போது. அம்மா இருந்தாள். அம்மா முன்னால் போர் பேச்சு எடுக்கமுடியாது. தாளிக்காத குழம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆயிரம் பேர் முன்னால் மேடையில் மூச்சுவிடாமல் பேசுவேன் என்று மார்தட்டுகிறேன். ஒரு ஆளிடம் ஒரு கேள்வி கேட்க வாய் வரவில்லை.

மார்ச் 26, வியாழன்

எழுதவே எரிச்சலாக இருக்கிறது. எழுதுகிறேன்.

அம்மனுக்கு மரக் கம்பம் நட்டாச்சு. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆட்டம் தொடங்கியது. கோயில் முன்னால் கம்பம், சுற்றி மஞ்சள் தண்ணீர் ஊற்றி நசநசவென்று சேறு. ம.அ. சொன்ன சொல் மாறவில்லை. பழைய அம்மன் பாட்டாகப் போட்டுக்கொண்டிருந்தார். நான் மைக் செட் பக்கத்திலேயே காவல் நாய் மாதிரி நின்றேன்.

பையன்கள் வந்தார்கள். "அண்ணா, அந்தப் பாட்டு போடுங்ணா." "எந்தப் பாட்டு?" "அதாங்ணா, போதுங்க நிறுத்துங்க." ம.அ. என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், இல்லையென்று. "செட்டுல அது ஓடாதுடா, பென் டிரைவ் போச்சு" என்றார். பையன்கள் முனகிக்கொண்டு போனார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஆம்ப்ளிஃபயர் சூடேறியது, ம.அ. செட்டை ஆற வைத்தார். தப்பட்டை மட்டும். ஆட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. திடீரென்று காதில் உறைத்தது. அடிப்பது என் தாளம். பாறையில் ராடு இடிக்கிற தாளம். பக்கத்து ஊர் நோம்பிகளில் கேட்டுக் கேட்டு தப்பட்டைக்காரர்களுக்கு அது கையிலேயே வந்துவிட்டது. எதை நிறுத்தச் சொல்வது? யாரிடம் வாபஸ் வாங்குவது?

சட்டென்று தப்பட்டை நின்றது. எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றார்கள். அத்தனை பேரும், சின்னப் பிள்ளைகள் உட்பட, ஒரே குரலில்:

"போதுங்க! நிறுத்துங்க!"

சிரிப்பு. பிறகு தப்பட்டை இடித்தது, சேறு தெறித்தது.

அப்பா வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு. நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு சுற்று வந்தது. மறுபடி கத்தினார்கள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"போலாமா?" என்றார்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது: "நாளைக்கு உன்ற பாட்டப் போட்டுக் காட்டு. மணி பாட்டு இல்ல. உன்ற பாட்டு."

மார்ச் 27, வெள்ளி

கடைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். முதலாளி: "பாட்டுக் காய்ச்சலுங்ளா?"

அப்பா பண்ணையிலிருந்து மதியமே வந்தார். கை கால் கழுவிவிட்டு நேராக என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். இந்த அறைக்குள் அவர் கடைசியாக எப்போது வந்தார் என்று நினைவில்லை. சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளைப் பார்த்தார் (எதிரொலி வராமலிருக்க நான் ஒட்டியது, அவர் பண்ணை அட்டைகள்தான்). "இதுக்குத்தான் கேட்டயா?" என்றார்.

"அப்பா, அந்தக் கொரலு..."

"தெரியும். ஒரு மாசமாத் தெரியும். முட்ட லோடு எடுக்க வர்ற வண்டிக்காரன் டெய்லி போடறான். மொதநா கேட்டப்ப எனக்கே என்ற கொரலு தெரியில. ரெண்டாநா தெரிஞ்சுது."

"நான்தான் புடிச்சேனுங்..."

"போனத் தூக்கிட்டு நீ நின்னது எனக்குத் தெரியாதா? பக்கத்துலதான நின்ன?"

"ஏனுங்ப்பா கேக்கவே இல்ல?"

"நீயே சொல்லுவீன்னு பாத்தேன்."

என் மேல் வந்த எரிச்சலுக்கு அளவில்லை. இத்தனை நாள் மணி அண்ணன், கம்பெனி, பையன்கள், தப்பட்டை என்று ஒவ்வொருவரிடமாக மல்லுக்கு நின்றது எல்லாம் இவர் காதில் விழக்கூடாதென்று. இவர் தினமும் முட்டை எண்ணிக்கொண்டே கேட்டிருக்கிறார்.

ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். துண்டை மடியில் வைத்துக்கொண்டு, ரத்தம் எடுக்க உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார். முழுசாகக் கேட்டார். என் வரிகள் ஓடும்போது ஒரு தடவை உதடு அசைந்தது. ஊட்டு விலாசம் கேட்டுது என்ற இடமாக இருக்கவேண்டும். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தேன். கடைசியில் அந்த இரண்டு வார்த்தை. பாட்டு நின்றது.

அவர் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. காத்திருந்தார்.

"முடிஞ்சுதுங்ப்பா."

"முடிஞ்சுதா?"

"ஆமாங்."

"இல்ல" என்றார். "நான் சொன்னதீம் ஒடனே நின்னுச்சா?"

எனக்குப் புரியவில்லை.

"நான் நிறுத்துங்கன்னு சொன்னதீம் அன்னிக்கு நின்னுச்சா? ரிக் ஏஜெண்டு என்ன சொன்னான்? இன்னும் ரெண்டு ராடு பாத்தறலாங்கன்னான். ஓட்டுனாங்க. நானும் செரின்னு நின்னுட்டேன். ரெண்டு ராடும் புகைதான். உன்ற பாட்டுல நான் சொன்னதீம் எல்லாம் நிக்குது. அப்படி ஆரு நின்னா?"

நான் திரையிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தேன்.

"நீ அப்பப் போன பாக்கெட்டுல போட்டுட்ட. பாத்தேன்."

உண்மை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் சொன்னதும் பதிவை நிறுத்தினேன். பாட்டுக்கு முடிவு கிடைத்துவிட்டது என்று ஒரு சந்தோஷம் வந்தது, அதுவும் நினைவிருக்கிறது. அதற்கப்புறம் ரிக் ஓடிய சத்தம் என்னிடம் இல்லை.

"மணி பாட்டுல நான் சொன்னதுக்கு அப்புறமும் இடிக்குது" என்றார். "அதுதான் செரி. எனக்கு அதக் கேக்கப் புடிக்கல. ஆனா அதுதான் நடந்துது."

ஆத்தா வாரா வழியுடு என்று கத்துகிற குத்து மிக்ஸ் சரி. ஒரு வருஷம் செதுக்கிய என் பாட்டு தப்பு. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

"எடுத்தறட்டுங்களாப்பா? கொரல எடுத்தர்றேன்."

"எடுக்கச் சொன்னனா?" எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "போடு. நடந்த மாதிரி போடு."

மார்ச் 29, ஞாயிறு

லிங்க் நாளைக்குள் போகவேண்டும். ஷாலினி காலையிலிருந்து மூன்று குரல் செய்தி. மூன்றாவதில் 'மேட்டாங்காடு ப்ரோ' என்று விளித்திருக்கிறார். கேட்காமல் வைத்திருக்கிறேன்.

வெளியே மாவிளக்குக்கு அம்மா பச்சரிசி இடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சத்தம் ஓய்ந்தால்தான் வேலை செய்யமுடியும். ஓயாது. ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். ஃபேனும் இல்லை. அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி.

அப்பா குரலுக்குப் பின்னால் போட என்னிடம் சத்தம் இல்லை. முன்னால் இருக்கிற இடியை வெட்டி எடுத்துப் பின்னால் ஒட்டினேன். அதாவது ம.அ. செய்த அதே வேலை. அவரைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் காதில் ஒலித்தது. வேகத்தைக் கூட்டவில்லை, அது மட்டும்தான் வித்தியாசம்.

கடைசிக் கேள்விக்கு ஆம் என்று தட்டிவிட்டேன். வரி, இசை, குரல் என்று பெயர் போடுகிற இடத்தில் குரல் என்பதற்கு நேரே அப்பா பெயர். இனிஷியலோடு. அவர் கேட்கவில்லை, நானே போட்டேன்.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. இடி எவ்வளவு நேரம் ஓடவேண்டும்? கொஞ்சம் போட்டால் அலங்காரம் மாதிரி இருக்கிறது. நிறையப் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். வெட்டினேன், ஒட்டினேன், வெட்டினேன். மண்டை காய்ந்துவிட்டது. கடைசியில் வாசலுக்குப் போய் அவரையே கேட்டேன்.

"ரெண்டு ராடு எறங்க எவ்வளவு நேரமாச்சுங்ப்பா?"

வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டு யோசித்தார். "அதெப்படிச் சொல்றது? நீ ஓட உடு. நான் சொல்றேன்."

வந்து உட்கார்ந்தார். ஹெட்ஃபோன் மாட்டினேன். பாட்டு முழுக்க ஓடி, அவர் குரல் வந்து, தாண்டிப் போய்விட்டது. இப்போது இடி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை, திரையில் கோடு ஏறி ஏறி இறங்குவது மட்டும் தெரிகிறது.

"நான் சொன்னதீம் நிறுத்தீரோணும்" என்று ஒரு தடவை சொன்னார். நிறுத்திவிடுகிறேன் என்றேன்.

இடது கை விரல் பட்டன் மேல். வலது கையால் இதை எழுதுகிறேன். அவர் கண்ணை மூடியிருக்கிறார். துண்டு மடியில். ஷாலினி வேண்டுமென்று சொன்ன நேர அளவைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

இன்னும் சொல்லவில்லை.